பின்பக்கம் பாரம் இல்லை

வண்டியைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் வண்டியைப் பார்ப்பதில்லை, இன்ஸ்பெக்டர். ஆளை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பேன். வாரநாட்களில் எங்கே ஓட்டுகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள், கூட யார் வருவார்கள், பின்னால் என்ன இருக்கும். ஸ்ப்ரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்ந்த சஸ்பென்ஷன் என்பது கடையில் இருப்பதிலேயே உசத்தியானதை வாங்கி மாட்டிவிடுகிற விஷயம் இல்லை. சேற்றிலும் பள்ளத்திலும் சக்கரத்தைத் தரையோடு ஒட்டவைக்கிற அதே மென்மை, தார்ச்சாலை வளைவில் வண்டியைச் சாய்த்துவிடும். இரண்டு வழிக்கும் ஒரே வண்டி வேண்டுமென்றால் எதையாவது கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று நான் சொல்ல வேண்டுமானால், வந்தவர் என்னிடம் உண்மை பேச வேண்டும். டாக்டரிடம் பேசுவதைப் போல.

நீங்கள் என்னைக் கூப்பிட்டதும் இதைத் தெரிந்துகொள்ளத்தானே. "ஒரகடத்துல சஸ்பென்ஷன்னா ஒங்க பேரத்தான் சார் எல்லாரும் சொல்லுதாவ. ஸ்டேஷனுக்குப் பின்னால கெடக்க ஜீப்ப ஒரு பார்வ பாத்து, எதுக்குக் கவுந்துச்சின்னு ரெண்டு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும்" என்றீர்கள். பார்த்துவிட்டேன். இரண்டு வார்த்தையில் முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸ்ரீவத்ஸன் என்பது உங்களுக்குத் தெரியும். ஷாக் அப்சார்பர் செய்கிற தொழிற்சாலையில் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வீடு ஸ்ரீபெரும்புதூரில், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். பொய் சொன்னால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது என்று வளர்க்கப்பட்டவன் நான். அதனாலோ என்னவோ, எதிரே இருப்பவர் மறைக்கிறார் என்றால் எனக்குத் தெரிந்துவிடும். வேலையும் அப்படிப்பட்டதுதான். லைனிலிருந்து இறங்குகிற ஷாக் அப்சார்பர் எல்லாமே வெளியே பளபளவென்று இருக்கும். எது கசியும், எது தாங்கும் என்பது உள்ளே. இயந்திரத்தில் மாட்டிப் பாரத்தைக் கொடுத்தால் தானாகச் சொல்லிவிடும். பாரம் கொடுத்துப் பார்க்காமல் எதையும் நம்புவது என் வழக்கம் இல்லை.

இந்த ஜீப்புக்குச் சொந்தக்காரரான சாம்சனை எனக்குப் பல வருடப் பழக்கம். எங்கள் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். சேரப்பணஞ்சேரிக்காரர். ஒப்பந்தத் தொழிலாளியாக உள்ளே வந்து, மாறி மாறி ஷிஃப்ட் பார்த்து, ஓ.டி. பார்த்து, மேலே வந்தவர். மதியம் ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். அவரவர் டப்பா அவரவருக்கு. என் வீட்டுக்கு அவர் வந்ததில்லை. வரக்கூடாது என்று ஒன்றும் இல்லை, சந்தர்ப்பம் அமையவில்லை. நான் வித்தியாசம் பார்க்கிறவன் அல்ல. தொழிற்சாலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

சோதனையில் தேறாத சரக்கை ஒரு கம்பிக் கூண்டில் போட்டுப் பூட்டிவைப்போம். பிறகு நசுக்கி, பழைய இரும்புக்கு அனுப்புவார்கள். நசுக்குவதற்கு முன்னால் அது வெளியே போய்விட்டால் ஆபத்து. ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், மார்க்கெட்டில் அது புதுச் சரக்கு. யாரோ ஒரு குடும்பம் அதை மாட்டிக்கொண்டு திருப்பதிக்குப் புறப்பட்டுவிடும். அந்தக் கூண்டுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று சாம்சனிடம்.

போன மழைக்காலம் முடிந்த சமயம், எங்கள் மேனேஜர் ஸௌந்தரராஜன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"என்ன ஸ்ரீவத்ஸன், கூண்டுல ஒரு பெட்டி சரக்கைக் காணோம்ங்கறாளே. சாவி உங்க ரெண்டு பேர்கிட்டதானே இருக்கு?"

"ஆமாம் சார்."

"சும்மாதான் கேட்டேன். தேடிப் பாருங்கோ, எங்கயாவது இருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சும்மா கேட்பதற்கு எந்த மேனேஜரும் கதவைச் சாத்தமாட்டார். சீட்டுக்குத் திரும்பி வந்து யோசித்தேன். நான் எடுக்கவில்லை. மிச்சம் இருப்பது ஒருவர்தான். இதில் விரோதம் எதுவும் கிடையாது, இன்ஸ்பெக்டர். சாதாரணக் கழித்தல் கணக்கு.

அதற்கப்புறம் கொஞ்ச நாளிலேயே சாம்சன் பழைய ஜீப் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நான்கு சக்கரமும் இழுக்கிற வகை. பின்னால் எதிரெதிராக இரண்டு நீள சீட், கூரைமேல் இரும்புக் கேரியர். கூண்டில் சரக்கு குறைகிறது, இவருக்கு வண்டி வருகிறது. வேறு யாராவது இருந்தால் உடனே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். நான் வரவில்லை. காத்திருந்தேன்.

பார்க்கிங்கில் வைத்துத்தான் கேட்டார்.

"சார், நீங்கதான் சொல்லணும். வாரம் ஃபுல்லா வேலைக்கு வந்து போவணும். ஞாயித்துக்கெழமன்னா ஏரிக்கரை, கல்லு ரோடு, சேறு எல்லாம் போவணும். ரெண்டுக்கும் ஆவுற மாதிரி சஸ்பென்ஷன் மாத்தணும் சார். இப்ப கீறது குலுக்கி எடுக்குது. எங்க வூட்ல முதுவு வலி வேற."

"ஞாயித்துக்கிழமை அப்படி எங்க போறீங்க?"

"இப்டித்தான் சார், ரெண்டு மூணு ஊரு. உள்ளாற கீற ஊரு."

"கூட யார் வருவாங்க?"

"வூட்ல வருவாங்க."

"பின்னாடி பாரம் ஏதாவது ஏத்துவீங்களா?"

கையிலிருந்த டீ டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "பின்னாடியா? பாரம்லாம் ஒன்னியும் இல்ல சார்."

பொய் சொல்கிறவர்கள் முதலில் நம் கேள்வியையே திருப்பிச் சொல்லி நேரம் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் தொழிலிலும் கவனித்திருப்பீர்கள். "மேல கேரியர் இருக்கே?" என்றேன். "அது வாங்கசொல்லவே இருந்துச்சு சார், அப்டியே உட்டுட்டேன்" என்றார். அந்தக் கேரியரில் புதுக் கயிற்றின் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து அவரைக் கவனித்தேன். கவனித்தால் எல்லாமே கண்ணில் படும். சனிக்கிழமை சாயங்காலம் ஓ.டி. கொடுத்தாலும் வேண்டாம் என்று கிளம்பிவிடுவார். போன் வந்தால் எழுந்து போய், தள்ளி நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்று கேன்டீனில் யாரோ கேட்டதற்கு, ஏரியில் மீன் வாங்கப் போனேன் என்றார். அதே வாரம் ஒரகடம் கடைத்தெருவில் அவர் மனைவி செந்தாமரையைப் பார்த்தேன். நானாகவே பேச்சுக் கொடுத்தேன். "ஞாயித்துக்கெழமையானா எங்க அக்கா வூட்டுக்குப் போய்டுவோம் சார்" என்று சொல்லிச் சிரித்தார். மீன் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். இரண்டு பேரும் கலந்து பேசிக்கொள்ள மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

என் மனைவி ரஞ்சனாவிடம் ஒருமுறை சொன்னேன். "ஏன்னா, பாவம், அவரைப் பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள். அவள் அவரை ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை பார்த்தவருக்கு எதற்கு இவ்வளவு பரிவு என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவளிடம் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேரப்பணஞ்சேரிப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருந்தது. இல்லை, வேலை எதுவும் இல்லை. மறைத்தேன் என்று இருக்க வேண்டாம். அவர் தெருமுனையில் இருக்கும் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாம்சனும் இன்னொருவரும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கனமான பெட்டி, இரண்டு பேருமே மூச்சு வாங்கினார்கள். அதைக் கேரியரில் ஏற்றினார்கள். பிறகு அதே மாதிரி இன்னொன்று. மேலே நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடிக் கயிற்றால் இறுக்கினார்கள். பாரம் ஒன்றும் இல்லை என்று என் முகத்துக்கு எதிரே சொன்ன மனிதர்.

எங்கள் ஷாக் அப்சார்பர் அட்டைப் பெட்டியில்தான் வரும், கறுப்புப் பெட்டியில் அல்ல. அதையும் யோசித்தேன். மாற்றிக் கட்டுவது பெரிய காரியமா என்ன. எனக்குப் பார்க்க வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்குமேல் இருந்து பார்ப்பது நாகரிகம் இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

இனிமேல் நான் சொல்வதைக் கொஞ்சம் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். இதுதான் நீங்கள் கேட்ட கருத்து.

சாம்சனின் ஜீப்புக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கொஞ்சமாக உயர்த்தி, பின்னால் கெட்டியான ஸ்ப்ரிங் போடுவது. வளைவில் வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வதற்கு அடியில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும்; அதைத் தொடாமல் விட்டுவிடுவது. வெறும் வண்டியில் கொஞ்சம் குலுக்கும். ஆனால் யார் ஏறினாலும் எதை ஏற்றினாலும் தாங்கும். இன்னொன்று, நன்றாக உயர்த்தி, பின்னால் மெத்தென்ற நீள ஸ்ப்ரிங் போட்டு, அந்தக் கம்பியைக் கழற்றிவிடுவது. காட்டுவழியில் போகிறவர்கள் விரும்பிச் செய்துகொள்வார்கள். எவ்வளவு மேடுபள்ளமானாலும் சக்கரம் தரையை விடாது. முன்சீட்டில் இரண்டு பேர் மட்டும் போனால் அதைப்போலச் சுகம் வேறெதிலும் கிடையாது. ஆனால் பின்னாலும் கூரைமேலும் பாரம் ஏற்றிக்கொண்டு, தார்ச்சாலையில் வேகமாகப் போய், சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் சாயும். சாய ஆரம்பித்தால் நிமிராது.

பாரம் இல்லை என்று சொல்கிறவருக்கு இரண்டாவதுதான் பொருத்தம். அவர் என்ன சொன்னாரோ அதற்கேற்றபடி தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அவர் சொன்னது உண்மையானால் அவருக்கு ஆயுசு முழுக்க ஒரு கீறல்கூட விழாது. பொய்யானால், பொய் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு ஆபத்து. நான் யாரையும் தண்டிக்கவில்லை. ஸௌந்தரராஜனிடம் போய்ப் புகார் சொல்லி ஒரு மனிதரின் வேலையைக் கெடுக்கவில்லை. அவர் தலைவிதியை அவர் வாய்வார்த்தையிடமே ஒப்படைத்தேன். இதைவிட நியாயமான ஏற்பாடு இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஆமாம், தேர்ந்தெடுத்தது நான்தான். உங்களிடம் சாம்சன் வேறு மாதிரி சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு வருகிறேன்.

படப்பை ரோட்டில் சின்னப்பையன் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார். இந்த மாதிரி வண்டிகளைத்தான் பார்ப்பார். அவர் ஷெட்டில்தான் மாட்டினோம். நானே கூட இருந்தேன். ஸ்ப்ரிங்கைக் கையில் எடுத்ததுமே சின்னப்பையன் முகம் சுருங்கியது.

"சார், பின்னாடிக்கு இது ரொம்ப மெத்துனு கீதே. நாலு ஆள் ஏறினா குந்திக்கும். அந்தக் கம்பியையும் கழட்டணுமா?"

"ஓனரையே கேளுங்க" என்றேன். சாம்சன் பக்கம் திரும்பி நானும் கேட்டேன். மற்றவர் எதிரில், நிதானமாக, நன்றாகக் காதில் விழும்படி. "சாம்சன், கடைசியா கேக்கறேன். பின்னாடி ஆளோ சாமானோ ஏத்துவீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற போட்டுக்கலாம். எனக்கு ஒன்னும் இல்லை."

அவர் கொஞ்சம் தயங்கினார். சொல்லிவிடுவார் என்றுகூட நினைத்தேன்.

"இல்ல சார். சும்மா நானும் வூட்ல கீறவங்களும்தான்" என்றார். பிறகு சின்னப்பையனிடம், "சார் சொன்னாக்கா கரீட்டா இருக்கும்ணா. மாட்டு" என்றார்.

இதற்குமேல் ஒரு மனிதருக்கு எத்தனை தடவை கதவைத் திறந்துவிடுவது.

வேலை முடிந்ததும் செந்தாமரையை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிப்பார்த்தோம். நான் முன்னால் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் பின்சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "தொட்டில் மாதிரி கீது சார், முதுவு வலியே தெரில" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் ஒரு டப்பா நிறைய முறுக்கு சுற்றிக் கொடுத்தனுப்பினார். கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் வெளியில் செய்தது சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரகடம் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி, நடுத் தடுப்பில் இடைவெளி கிடைத்த இடத்தில் சிக்னல் போடாமல் திரும்பியிருக்கிறது. சாம்சன் ஸ்டியரிங்கை ஒடித்திருக்கிறார். எந்த வண்டியும் தப்பித்துப் போகக்கூடிய ஒடிப்பு. இது கவிழ்ந்து இரண்டு முறை புரண்டது.

எனக்குத் தெரிந்தது மறுநாள் காலை கேன்டீனில். லைனில் வேலை செய்கிற ஒருவர் வந்து சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, "வண்டியில என்ன இருந்தது?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார் இன்னா இருந்துதுன்றீங்க? ஆளுங்க சார். பாட்டு பாடுறவங்க. சாம்சன் அண்ணன் வூட்டம்மா செத்துப்போச்சு. ஆஸ்டல்ல தங்கிக்கினு வேலைக்கிப் போற பொண்ணு ஒன்னு, அதுவும் போச்சு."

மேலே இருந்த பெட்டிகள்? "ஸ்பீக்கர் பொட்டி சார்."

அவர்கள் ஒரு பாட்டுக்குழு. சாம்சன், செந்தாமரை, சர்ச்சுக்கு வருகிற சிலர், செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்கிற தெற்கத்திப் பெண்கள் இரண்டு மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில், ரோடு சரியில்லாத ஊர்களில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பாடுவார்கள். ஜெபம் பண்ணுவார்கள். அன்று பென்னலூரில் ஒரு முதியோர் இல்லத்தில் பாடிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். செத்துப்போன பெண் பெயர் தங்கமாரி. கோவில்பட்டிப் பக்கம். அவள் தகப்பனாரை நீங்கள்தான் பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வந்தீர்களாம். "எங்கூருப் பக்கத்துப் பிள்ள சார், நல்லாப் பாடுமாம்" என்று இங்கே நுழைந்ததும் என்னிடம் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். வாசலில் நின்றுவிட்டு வந்தேன். தொழிற்சாலைக்குத் திரும்பினால், சோதனைப் பிரிவு வாசலில் ஒரு அட்டைப் பெட்டி. கூண்டிலிருந்து காணாமல் போன அதே சரக்கு. மண்ணூரில் எங்களுக்கு இன்னொரு யூனிட் இருக்கிறது. அறுத்துப் பார்த்துச் சோதிப்பதற்காக அங்கே போயிருந்ததாம். அனுப்பியவர் ஸௌந்தரராஜன். "அடடா, நான்தானே ஆபீஸ்ல இருந்த மாத்துச் சாவியைக் கொடுத்து எடுத்துண்டு போகச் சொன்னேன், சுத்தமா மறந்துட்டேன் பாருங்கோ" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். நான் உங்களைச் சந்தேகப்படவே இல்லை என்று வேறு சொன்னார்.

ஆக, திருட்டு நடக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். கணக்கில் எனக்குத் தவறான எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சாம்சன் என்னிடம் சொன்னது பொய் என்பது மட்டும் பொய்யாகிவிடவில்லை. பாரம் இல்லை என்றார். பாரம் இருந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, இன்னும் ஒன்று இருக்கிறது. இதையும் சொன்னால்தான் என் கருத்து முழுமையாகும்.

விபத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஒரகடம் கூட்டுரோடு சிக்னலில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் அந்த ஜீப். பின்பக்கம் நன்றாக அமுங்கியிருந்தது. பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கைகூட நுழையாது. கூரைமேல் நீலத் தார்ப்பாய். பின் கண்ணாடிக்கு வெயிலுக்காகத் துணி கட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. பெண்கள் குரல். ரேடியோ என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு குரல் வரியை மாற்றிப் பாடிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு அந்த வரியை மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். ரேடியோவில் அப்படிப் பாடமாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

பச்சை விளக்கு விழுந்தது. பக்கத்தில் போய் ஹாரன் அடித்திருக்கலாம். கண்ணாடியை இறக்கி, "சாம்சன், இத்தனை பேரை ஏத்தாதீங்க, நாளைக்கே ஸ்ப்ரிங்கை மாத்திடலாம்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. அந்த வாரம் முழுக்க, தினமும் மதியம், அவர் எனக்கு எதிரேதான் உட்கார்ந்து சாப்பிட்டார். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சூப்பரா கீது சார்" என்றார். நல்லது என்றேன். பின்னால் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அவரே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்வதற்காகத்தான் காத்திருந்தேன். சோதனை நடந்துகொண்டிருக்கும்போது நடுவில் இயந்திரத்தை நிறுத்தினால் முடிவுக்கு மதிப்பில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாம்சனுக்கு ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தாள்.

"சார், உங்ககிட்ட மறச்சிட்டேன் சார்" என்றார். "ஆளுங்கள ஏத்துறோம்னு சொல்லியிருக்கணும். பாடப் போறோம், ஜெபத்துக்குப் போறோம்னு சொன்னா நீங்க இன்னா நெனப்பீங்களோன்னு... அன்னிக்கி கிறிஸ்துமஸுக்கு நாங்க கேன்டீன்ல பாட ஆரம்பிச்சதும் நீங்க எழுந்து போய்ட்டீங்க. புடிக்கல போலன்னு நானா நெனச்சிக்கினேன். உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சார் சொல்லல."

அன்று எனக்குத் தலைவலி. அதனால் எழுந்து போனேன்.

"செந்தாமர சொல்லிக்கினே இருந்துச்சு சார், சார்கிட்ட உண்மைய சொல்லிடுன்னு. நான்தான் கேக்கல." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கவலப்படாதீங்க சார். போலீஸ்ல கேட்டாங்க. சஸ்பென்ஷன நானா பாத்துப் போட்டுக்கினேன்னு சொல்லிட்டேன். சின்னப்பையன் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். உங்க பேரு எங்கியும் வராது. நீங்க எனக்கு நல்லதுதான் சார் செஞ்சீங்க" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்தால் நன்றாக இருக்காது.

என் கருத்து இதுதான், இன்ஸ்பெக்டர். வண்டி கவிழ்ந்தது பாரத்தால். அந்தப் பாரத்தை ஏற்றினால் கவிழும் என்று தெரிந்தே அந்த ஸ்ப்ரிங்கைத் தேர்ந்தெடுத்தவன் நான். உள்ளே இருப்பது ஆட்கள் என்று தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தவனும் நான். அதற்குச் சட்டத்தில் என்ன பெயரோ அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சாம்சன்மேல் ஓவர்லோடு கேஸ் போடப்போவதாகச் சொன்னீர்கள். அது உங்கள் விருப்பம்.

ஆனால் ஒன்று எனக்கு நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு காலும் போய்ப் படுத்திருக்கிற மனிதர், மறைப்பதற்கு எதுவுமே இல்லையென்றால், என் பெயர் வெளியே வராமல் இருக்க எதற்காக இவ்வளவு பாடுபடுகிறார்? அதைக் கொஞ்சம் தீர விசாரியுங்கள்.